தெருமுகம் தனியொருவர் உடைமையா?

ஒருவர் தம் மனையில், தம் பொருளைக் கொண்டு எழுப்பும் கட்டடத்தின் உட்புறம் அவர்க்கே உரியது. கிடங்கு எங்கே, கல்லாப்பெட்டி எங்கே, படிக்கட்டு எப்பக்கம் என்பனவற்றை அவரே முடிவு செய்து கொள்ளட்டும். ஆனால், அக்கட்டடத்தின் முகப்போ தெருவை நோக்கி நிற்கின்றது. அதன் முன்னே நாடோறும் ஊரார் நடக்கின்றனர். அது தரும் நிழலும் அது திருப்பி வீசும் வெயிலும் அவர்கள் தலைமேல் விழுகின்றன. அதன் கழிவுநீர் அவர்கள் காலடியில் ஓடுகின்றது. அதில் எழுதப்பெற்ற பெயரை அவர்களுடைய பிள்ளைகளே எழுத்துக் கூட்டிப் படிக்கின்றனர். எனவே முகப்பில் ஊர்க்கும் பங்குண்டு என்கின்றோம். அப்பங்கைத் தமிழ்நாட்டு ஊர்கள் ஒரு தலைமுறைக்குள் கேட்பாரின்றி இழந்துவிட்டன.

திருப்பனந்தாளை எடுத்துக்கொள்வோம். தஞ்சை மாவட்டத்துத் திருவிடைமருதூர் வட்டத்தில், குடந்தையிலிருந்து அணைக்கரை வழியாகச் சென்னைக்குச் செல்லும் பெருஞ்சாலையில், நெல்வயல்களுக்கு நடுவே அமைந்த பேரூராட்சி அது. பனையைக் கோயில் மரமாகக் கொண்டு, அப்பனையாலேயே பெயர் பெற்ற ஊர். சாய்ந்து நின்ற இறைத்திருமேனியைக் குங்கிலியக் கலயர் தம் கழுத்தில் கயிறு பூட்டி நிமிர்த்தினார் என்று பெரியபுராணம் கூறுவது இவ்வூரைப் பற்றித்தான். இங்குள்ள இறைவன் பெயர் செஞ்சடையப்பர்; இறைவி பெயர் பெரியநாயகி. இத்துணைத் தெளிவான தமிழ்ப் பெயர்களை அருணசடேசுவரர் என்றும் பிருகந்நாயகி என்றும் மொழிமாற்றி எழுதினர் ஒரு காலத்தார். தம்முடையதை மறைத்துப் பிறருடையதைப் பூசிக்கொள்ளும் அதே மனப்பாங்குதான் இக்காலத்துக் கடைத்தெருக்களின் முகத்தையும் மாற்றி எழுதிக் கொண்டிருக்கின்றது. குமரகுருபரர் வழிவந்த காசித்திருமடமும், செந்தமிழ்க் கல்லூரியும் உள்ள ஊர்க்கும் இதனின்று விலக்கில்லை.

இங்கும், குடந்தைப் பெரிய தெருவிலும், மயிலாடுதுறையிலும் காண்பது ஒரே காட்சி. ஓட்டுத் தாழ்வாரம் இறக்கப்படுகின்றது; திண்ணை உடைக்கப்படுகின்றது; அவ்விடத்தில் நான்கு சிமிட்டித் தூண்களும் இரும்பு உருட்டுக் கதவும் எழுகின்றன. மேலே நீலக் கண்ணாடியோ, ஏ.சி.பி. தகடோ ஒட்டப்படுகின்றது. அதற்கும் மேலே, கட்டடத்தையே மறைக்கும் பெயர்ப்பலகை. வீட்டுக்காரர் கொத்தனாரிடம் கேட்கும் முதல் கேள்வி, "எலிவேசன் எப்படி வைக்கலாம்?" என்பது. முகப்பு என்னும் சொல் வாயினின்று போயிற்று; சொல் போன சில ஆண்டுகளில் அச்சொல் குறித்த பொருளும் போயிற்று. மேழத் திங்களில் தஞ்சை வெயில் எத்தகையது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவ்வெயிலை மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவரால் உள்ளே வரவேற்று, பின்னர் அதனை வெளியேற்றக் குளிரூட்டி வாங்கி, அக்குளிரூட்டியின் வெப்பக் காற்றை நடப்பவர் முகத்தில் ஊதவிடுவதற்குத் 'தற்கால அமைப்பு' என்று பெயர்!

காவிரிப் படுகையின் தெருவீடு எவ்வாறு இருந்தது? தெருவிலிருந்து இரண்டு மூன்று படிகள். படிகளின் இருமருங்கும் திண்ணை. திண்ணைக்கு மேலே மரத்தூண்கள் தாங்கிய சாய்ந்த தாழ்வாரம். உள்ளே இடைகழி, அதனைத்தான் 'ரேழி' என்று சிதைத்து வழங்கி, பின்னர் அது தமிழே அன்று என்றும் எண்ணிக்கொண்டோம். அப்பால் முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை. தாழ்ந்த இறவாரம் உச்சி வெயிலைச் சுவரில் படவிடாது. முற்றம் வெப்பக் காற்றை மேலே விடும். வாயிலும் கொல்லைக் கதவும் நேராகத் திறந்திருப்பதால் காற்று ஊடறுத்துச் செல்லும். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்ட தடித்த சுவர் பகல் வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. இவை தனி வீட்டின் நலன்கள். தெருவுக்குக் கிட்டியது வேறொன்று. அடுத்தடுத்த வீடுகளின் திண்ணை மட்டமும் இறவார விளிம்பும் ஏறத்தாழ ஒரே கோட்டில் நின்றன. வழிப்போக்கன் அமரலாம், மழைக்கு ஒதுங்கலாம், நெல் விற்க வந்தவன் மூட்டையை இறக்கி வைக்கலாம். தம் மனையின் ஒரு பகுதியை யாரும் கேளாமலேயே ஊர்க்கு விட்டுக்கொடுத்த அமைப்பு அது.

தேரோடும் தெருக்களில் வேறோர் அளவுகோலும் இருந்தது. தேரே அது. திருவாரூர் ஆழித்தேரின் உயரம் 96 அடி. அத்தகைய தேர் திரும்ப வேண்டிய முனையில் எவரும் மாடியைத் தெருப்பக்கம் நீட்டுவதில்லை. எழுதி வைத்த சட்டம் தேவைப்படவில்லை. இன்றோ தெருவை ஆள்வது சாலைப் பூச்சும் மின்கம்பியும். பழைய பூச்சைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுப் பூச்சு இடுவதால் ஆண்டுதோறும் தெரு உயர்கின்றது. திண்ணை தெருவின் மட்டத்துக்கு வந்து, பின்னர் அதற்கும் கீழே போய், மழைநீர் இடைகழிக்குள் புகுகின்றது. சுரண்டிய பின்னரே பூச வேண்டும் என்று 2021இல் தமிழக அரசே அறிவுறுத்த வேண்டியதாயிற்று. புதிதாகக் கட்டுவோர் அடுத்த உயர்வையும் எண்ணி நான்கடி மேடை கட்டிக்கொள்கின்றனர்; அம்மேடைக்கு ஏறும் சரிவைத் தம் மனைக்குள் வைக்காமல் தெருவில் வைக்கின்றனர். நடப்பவர் சாலையின் நடுவே இறங்கிப் பேருந்துக்கு ஒதுங்க வேண்டும். தஞ்சைக் களிமேட்டில் 2022 ஏப்பிரல் 27 அன்று தேரின் உச்சி உயர் மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தனர். சாலை உயர்த்தப்பட்டதும் அதற்கொரு கரணியம் என்று அப்போது பேசப்பட்டது. தெருவின் மட்டம் என்பது உயிர்ப்போக்கும் செய்தி என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

ஈண்டு ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பழைய தெருவெல்லாம் நல்ல தெரு என்று நாம் பாடவில்லை. சோழர் செப்பேடுகள் சிலவற்றில் சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்துக்கொள்ளும் உரிமை, கொடை பெற்ற பார்ப்பனர்க்குத் தனிச் சலுகையாக வழங்கப்பெற்றுள்ளது. கொங்கு நாட்டுக் கம்மாளர் தம் வீட்டுச் சுவர்க்குச் சாந்து பூசிக்கொள்ளவும் அரசாணை பெற வேண்டியிருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. வீடு கட்டும் கம்மாளனுக்கே அவன் வீட்டுக்குப் பூச்சு இல்லை! ஆக, கட்டட நெறி என்பது நம் மண்ணில் ஒரு காலத்தில் சாதி நெறியாகவே இருந்தது. திண்ணையிலும் யார் அமரலாம், யார் அமரக்கூடாது என்னும் வேலி இருந்தது. அவ்வேலியை மீட்டெடுக்க வேண்டும் என்பவன் தமிழ்ப்பகைவன். நாம் கேட்பது அத்தெருவின் நிழலையும், மட்டத்தையும், ஒழுங்கையும் எல்லார்க்கும் பொதுவாக்கும் நெறி. இவ்வேறுபாட்டை உணராத சிலர், பழமை என்றவுடன் கோயிலைச் சுற்றிய நான்கு தெருக்களை மட்டுமே எண்ணிக்கொள்கின்றனர். கடைத்தெருவும், பேருந்து நிறுத்தமும், உழைப்பவர் குடியிருப்பும் அவர்கள் கணக்கில் வருவதில்லை.

இற்றைச் சட்டம் என்ன சொல்கின்றது? 2019இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடைமுறைக்கு வந்தன. (அந்த 'மற்றும்' நம்முடையதன்று, ஆங்கிலத்தின் நிழல்.) மனையின் அளவு, பக்க இடைவெளி, தளப்பரப்பு, உயரம், ஊர்தி நிறுத்துமிடம், மழைநீர்ச் சேமிப்பு ஆகியவற்றை அந்நூல் விரிவாகக் கூறுகின்றது. இவை தேவையானவையே. ஆனால், சென்னை உசுமான் சாலைக்கும் திருப்பனந்தாள் கடைத்தெருவுக்கும் ஒரே நூல்! எவ்வளவு கட்டலாம் என்பதை அளந்து சொல்லும் அது, தெருவை எப்படி எதிர்கொள்வது என்பதை அந்தந்த ஊரின் வெயிலும் மழையும் பார்த்துச் சொல்லவில்லை. எல்லாக் கணக்கும் நிறைவேறிய ஒரு கட்டடம், தன் முகத்தில் ஒரு முழ நிழல்கூட இல்லாமல் நிற்கலாம், ஒப்புதல் கிடைத்துவிடும். 2024இலிருந்து 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடிக்குள் வீடு கட்டுவார்க்குத் தற்சான்றின் பேரில் இணையவழியே உடனடி ஒப்புதல் அளிக்கப்படுகின்றது. அலுவலகப் படியேறி அலையாமல் எளியவர்க்கு வேலை முடிவது நன்றே. ஆயினும், அத்தெருவைக் கண்ணால் கண்ட எவரும் அந்த ஒப்புதலில் இல்லை என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இருக்கும் நெறிகளேனும் காக்கப்படுகின்றனவா? குடந்தையின் நெருக்கமான தெருவொன்றில், ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடத்தப்பட்டன. மாடியில் ஓலைக்கூரை; இறங்குவதற்குக் குறுகிய படிக்கட்டு. 2004 சூலை 16 காலையில் சமையற்கூடத்திலிருந்து பரவிய தீயில் 94 குழந்தைகள் கருகி மாண்டனர். அது தனியார் கட்டடம். ஊரின் நடுவே, எல்லாரும் பார்க்க நின்ற கட்டடம். படிக்கட்டின் அகலமும் கூரையின் பொருளும் கட்டுபவரின் தனி விருப்பம் என்று விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதைக் குடந்தையைப் போல் அறிந்த ஊர் உலகில் வேறில்லை. சென்னைத் தியாகராயர் நகரில் 2017 மே 31 அன்று துணிக்கடை ஒன்றின் அடுக்குமாளிகை தீப்பற்றி, அணைக்கவும் இயலாமல் எரிந்து, பின்னர் முழுவதும் இடித்துத் தள்ளப்பட்டது. புகை வெளியேறப் பலகணி இல்லாமல் நாற்புறமும் அடைத்த முகப்புகளைத் தமிழ்நாட்டின் எந்தக் கடைத்தெருவிலும் காணலாம்.

மீறியவர்க்கு நேர்வது என்ன? 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998இல் ஒரு பிரிவு சேர்த்து, 1999 பிப்பிரவரி 28க்கு முன் மீறிக் கட்டியவர்கள் கட்டணம் செலுத்தி வரன்முறை செய்துகொள்ள வழி விட்டார்கள். 2012இல் மற்றொரு பிரிவு. இம்முறை எல்லை 2007 சூலை 1. முறையாகக் கட்டியவன் ஒரு மாடி குறைவாகக் கட்டி இழந்தான். மீறியவன் தண்டம் கட்டி, அத்தண்டத்தைப் போல் பன்மடங்கு வாடகை பெற்றான். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பலாகாது என்று 1997இல் அரசாணை பிறந்தது. அதனை மீறியவற்றைப் பற்றி உயர்முறைமன்ற மதுரைக் கிளையில் வழக்குகள் நடந்தன. ஆணையிடத் தெரிந்த அரசுக்கு அளவுகோலைக் கையிலெடுக்கத் தெரியவில்லை.

"வளரும் நாட்டில் இதெல்லாம் இயலுமா?" என்பார்க்கு ஒன்று சொல்வோம். இந்தோனேசியாவின் பாலித் தீவில் 1966இல் சனூர்க் கடற்கரையில் பத்து மாடி விடுதி ஒன்று எழுந்தது. அதன்பின் அத்தீவார் விழித்துக்கொண்டு, தென்னை மர உயரமான 15 மீட்டருக்கு மேல் கட்டடம் கூடாதென்று வரம்பு கட்டினர். கல்லாதவனும் நிமிர்ந்து பார்த்து அறியக்கூடிய அளவு அது. (பனந்தாளில் பனையை அளவாகக் கொள்க என்று சொல்ல மாட்டோம், நன்கு வளர்ந்த பனை 30 மீட்டரும் போகும், அடுக்குமாளிகைக்காரர் மகிழ்ந்து ஏற்றுக்கொள்வர்!) செல்வத்தில் கொழித்த பாரிசு நகரமும் 1973இல் 210 மீட்டர் உயர மோன்பர்னாசுக் கோபுரத்தைக் கட்டி முடித்தபின் வருந்தி, 1977இல் 37 மீட்டர் என்று வரம்பிட்டது, 2010இல் சில இடங்களில் தளர்த்தி, 2023இல் மீண்டும் இறுக்கியது. அந்நகர்க்கு வணிகம் குன்றிவிடவில்லை.

அத்துணைத் தொலைவும் செல்ல வேண்டா. நம் புதுச்சேரியில், வெள்ளையர் பகுதிக்கு மேற்கே தமிழர் பகுதி உள்ளது. அங்கே கல்வே சுப்பராயச் செட்டித் தெரு என்னும் வைசியாள் தெருவில், 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில், அடுத்தடுத்த வீடுகளின் தெருமுகப்புகள் பழைய முறையிலேயே செப்பம் செய்யப்பெற்றன. இன்டாக் என்னும் மரபுக் காப்பு அமைப்பு முன்னின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவி கிட்டியது. தனித்தனி வீட்டைத் தொடாமல், திண்ணையும் தாழ்வாரமும் தொடர்ந்து செல்லும் முழுத் தெருவையே ஓர் அலகாகக் கொண்டார்கள். வீடுகள் தனியார்க்கே உரியனவாய் இருந்தன. உள்ளே அவரவர் தம் விருப்பம் போல் வாழ்ந்தனர். 2008இல் அத்தெருவுக்கு யுனெசுகோவின் ஆசிய-பசிபிக்கு மரபுக் காப்பு விருது வழங்கப்பெற்றது. தமிழ்த் தெருமுகப்பின் அருமையைத் தமிழர்க்குச் சொல்ல ஐரோப்பியப் பணமும் வெளிநாட்டு விருதும் தேவைப்பட்டதே என்பதுதான் நம் வருத்தம்.

இனிப் பெயர்ப்பலகை. கடைத்தெருவின் முகப்பில் பாதியை இன்று பலகையே விழுங்கிவிட்டது. 1948ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் தொடர்பான விதிகளின்கீழ்த் தமிழே முதலிலும் பெரிதாகவும் இருத்தல் வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிறமொழி என்பன ஐந்து, மூன்று, இரண்டு என்னும் அளவில் அமைதல் வேண்டும். 2010இல் கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுக்கு முன்னர்ச் சென்னை மாநகராட்சி இதனை வலியுறுத்தியது; மாநாட்டுப் பந்தல் பிரிக்கப்பட்டதும் வேகமும் பிரிக்கப்பட்டது. அதனினும் பெரிய ஓட்டை வேறு. அந்நெறி எழுத்தைத்தான் பார்க்கின்றது, சொல்லைப் பார்ப்பதில்லை. 'சூப்பர் மார்க்கெட்' என்று தமிழெழுத்தில் ஐந்து பங்கு பெரிதாக எழுதிவிட்டால் சட்டம் நிறைவேறிவிடும்! யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ரொட்டி சுடும் கடைக்கு வெதுப்பகம் என்று பலகை எழுதியபோது, அங்கே யாரும் ரொட்டி வாங்காமல் திரும்பவில்லை. கனடாவின் கியூபெக்கு மாநிலத்தார் 1977இல் கடைப்பலகைகள் பிரெஞ்சிலேயே அமைதல் வேண்டும் என்று சட்டம் செய்தனர். 1988இல் அந்நாட்டு உச்சமன்றம் அதனைத் தள்ளியபோதும், வேறு சட்டங்களின் வழியே 1993இல் பிரெஞ்சு மொழியே தெளிவாக மேலோங்கி நிற்றல் வேண்டும் என்று நிலைநிறுத்திக்கொண்டனர். பலகையின் மொழியைப் போலவே அதன் பரப்பும் நெறிப்படல் வேண்டும். முகப்பின் பலகணிகளையும் காற்றுவழிகளையும் மறைக்கும் எந்தப் பலகையும், அது தூய தமிழில் இருப்பினும், ஏற்கத்தக்கதன்று. தீப்பற்றிய வேளையில் புகைக்கு மொழி தெரியாது.

'என் மனை, என் பணம்' என்னும் வழக்கை வணிகர் சிலர் எழுப்புவர். அவர்கள் தம் கடைமுன் உள்ள சாலையும், விளக்கும், வடிகாலும், அங்கே கூடும் மக்களும் எவர் பணத்தால், எவர் வரவால் அமைந்தன என்று எண்ணட்டும். செலவு மிகும் என்பதும் பொருந்தாது. தகடும் கண்ணாடியும் ஒட்டும் செலவையும், பின்னர்த் திங்கள்தோறும் கட்டும் மின்கட்டணத்தையும் கூட்டினால், ஆறடி இறவாரமும் ஒரு வரிசைத் தூணும் அதற்குக் குறைவாகவே முடியும். சிறு கடைக்காரர்க்கு அதற்கும் வழியில்லை எனில், சொத்துவரியில் கழிவு கொடுக்கட்டும். மீறியவரிடம் தண்டம் பெறத் தெரிந்தவர்கள், பேணியவர்க்குக் கழிவு கொடுக்கவும் கற்றுக்கொள்ளலாம்.

சட்டத்தில் இடமில்லை என்று அலுவலர் கூறின், நம்ப வேண்டா. ஒரு நகரின் முழுமைத் திட்டத்தில் கட்டடங்களின் தோற்றக் கூறுகளையும், முகப்பையும், முன்புற அமைப்பையும் நெறிப்படுத்தலாம் என்று 1971ஆம் ஆண்டுச் சட்டமே கூறியுள்ளது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அச்சொற்கள் ஏட்டில் கிடக்கின்றன. 2021இல் மாநகராட்சியாகிவிட்ட குடந்தை தன் பெரிய தெருவுக்கும் மாமாங்கக் குளக்கரைக்கும், திருப்பனந்தாள் தன் கடைத்தெருவுக்கும் தனித்தனியே முகப்பு நெறி கேட்கலாம். தெருமுகத்தில் தரைக்குமேல் இரண்டு மாடிக்கு மிகாத உயரம்; முழு நீளத்துக்கும் தொடரும் நிழல்; மனைக்குள்ளேயே அமைந்த படியும் சரிவும்; இரண்டு பேர் எதிரெதிரே இறங்கத்தக்க படிக்கட்டும் பின்வழியும்; பலகைக்கு ஓரளவு. ஒரு தாளின் இருபக்கத்தில் அடங்கும். அத்தாள் கொத்தனார் படித்தறியும் தமிழில் இருத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் வரைந்து மொழிபெயர்த்ததாக இருத்தலாகாது.

அதற்கு முன் செய்யத்தக்க வேலை ஒன்றுண்டு. திருப்பனந்தாளில் எஞ்சியுள்ள பழைய முகப்புகளை ஒவ்வொன்றாக அளந்தெழுத வேண்டும்: திண்ணை தெருவினின்று எவ்வளவு உயரம், தாழ்வாரம் எவ்வளவு நீட்டம், தூணுக்குத் தூண் எத்தனை அடி, எந்த ஓடு, எந்த மரம், ஒவ்வோர் உறுப்புக்கும் வேலையாள் வழங்கும் பெயர் என்ன என்று. அளவுநாடாவும் கோட்டேடும் கொண்டு கல்லூரி மாணவர் பத்துப் பேர் ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடலாம். அப்பெயர்களை அறிந்த முதிய கொத்தனார்களும் தச்சர்களும் உடன்வர வேண்டும்; மழைக்காலத்துக்கு முன்னரே தொடங்கினால் நன்று, ஏனெனில் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் ஓரிரு முகப்புகள் இறக்கப்படுகின்றன.